எஞ்சினுக்கும் ஜாதி உண்டு

திருவொற்றியூரில் டி.பி.பி. சாலைக்குப் பின்புறம், பெயர்ப் பலகை இல்லாத ஒரு ஷெட். மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாகச் சாய்த்து, உச்சியில் செயின் பிளாக் மாட்டியிருந்தார்கள். சங்கிலியில் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. பக்கத்தில் முகப்பைக் கழற்றிப் போட்ட ஒரு டிரெய்லர் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எண்ணெய்க் கறை படிந்த நாலு பேர், ஒருவர் சங்கிலியை இழுக்க, இருவர் எஞ்சினை ஆடாமல் பிடிக்க, நாலாவது ஆள் மட்டும் தெரு முனையைப் பார்த்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

தெரு முனையை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. பட்டப்பகலில், என் கண் முன்னால், ஒரு குற்றம் நடந்துகொண்டிருந்தது.

லாரிக்கு எஞ்சின் மாற்றுவது குற்றமா என்று கேட்பீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. வண்டியைத் தயாரித்த கம்பெனி முதன்முதலில் என்ன எழுதிக் கொடுத்ததோ, ஆர்.சி. புத்தகத்தில் என்ன ஏறியிருக்கிறதோ, அதற்கு மாறாக வண்டியில் எதையும் மாற்றக் கூடாது. 2019இல் கொண்டுவந்த திருத்தம் இதற்குப் பல்லும் கட்டிவிட்டது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே ஆண்டு ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது: கம்பெனி எப்படிச் செய்து கொடுத்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

எஞ்சின் தேய்ந்து போனால்? மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வருகிற எஞ்சின் அதே தயாரிப்பாக, அதே வகையாக இருக்க வேண்டும். நம் ஊருக்கு இதை விளக்கத் தனியாக வாத்தியார் வைக்க வேண்டியதில்லை. பெண் எடுப்பது போலத்தான். கம்பெனி ஒன்றாக இருந்தால் போதாது; அது ஜாதி. வகையும் ஒன்றாக இருக்க வேண்டும், அது உட்பிரிவு. ஜாதி ஒன்றாகவே இருந்து உட்பிரிவு மாறினாலும் சபையில் ஏற்க மாட்டார்கள். மணமகன் வேலை பார்க்கிறானா, குடிக்கிறானா, புகை விடுகிறானா என்பதெல்லாம் பிறகு.

இந்த இடத்தில் சட்டம் ஒரு தாராளமும் காட்டுகிறது. பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, மாநில அரசு அறிவிக்கை போட்டு ஒரு சலுகை தரலாம். அவர் அதே வகை எஞ்சினைப் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டிக் கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம். ஒரு லாரி வைத்திருப்பவன் மனுப்போட்டு வரிசையில் நிற்க வேண்டும். பணக்காரனுக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம் என்று நான் மேடையில் பேசினால் கம்யூனிஸ்ட் என்பார்கள். நான் பேசவில்லை, பிரிவு 52, உட்பிரிவு 2 பேசுகிறது. ஒன்பது லாரி வைத்திருப்பவரின் நாணயத்தில் அரசுக்குச் சந்தேகம். பத்தாவது லாரியை வாங்கினால் அரிச்சந்திரன்.

ஷெட்டில் நின்ற வண்டியின் சொந்தக்காரர் ஒரு லாரிக்காரர். கிளீனராக ஏறி, டிரைவராகி, இருபது வருஷம் கழித்து யாரோ கழித்துக் கட்டிய டிரெய்லர் ஒன்றை வாங்கியவர். வட சென்னையில் கன்டெய்னர் இழுக்கிற வண்டிகளில் பாதிக்கு இதுதான் ஜாதகம். இளமையில் பம்பாய், டில்லி என்று ஓடித் தேய்ந்த பிறகு, துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம் யார்டுகளுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்குள் முதுமையைக் கழிக்க வருகின்றன. இவருடைய வண்டி 1996 மாடல். அந்தக் காலத்து எஞ்சின்; ஏற்றத்தில் மிதித்தால் பின்னால் வருகிறவன் லைட் போட வேண்டும். விபத்தில் நசுங்கி வெட்டுக்குப் போன 2012 மாடல் வண்டியிலிருந்து ஒரு டர்போ எஞ்சின் கிடைத்தது. கம்பெனி ஒன்றேதான். வகைதான் வேறு. புகை குறைவு, டீசல் குறைவு, இழுவை கூடுதல். அவருக்கு அது போதாதா? ஆனால் மனிதர் யோக்கியர். அதுதான் வினை. முறைப்படி செய்யலாம் என்று அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். எல்லா அலுவலகத்திலும் அந்த மேசை உண்டு.

"ஆர்.சி.யில என்ன இருக்கோ அதான் வண்டியில இருக்கணும்."

"சார், இது புது எஞ்சின் சார். புகை கம்மி."

"புகைக்கு இந்த ஃபாரத்துல காலம் இல்லியேப்பா."

"வண்டியக் கொண்டாந்து காட்றேன் சார். நீங்களே மிதிச்சுப் பாருங்க."

"கம்பெனிலேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வா. இந்த மாடலுக்கு இந்த எஞ்சின் சேரும்னு எழுதித் தரணும்."

பழைய வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடட்டும் என்று எந்தக் கம்பெனி கைப்பட எழுதிக் கொடுக்கும்? புது வண்டி விற்பதற்காகக் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறவனிடம் போய், உன் கடைக்கு நான் வராமலிருக்க ஒரு சான்றிதழ் கொடு என்று கேட்பது போல. லாரிக்காரர் அந்தப் படியில் இறங்கும்போது மேசைக்காரர் பின்னாலிருந்து ஒரு யோசனையும் சொன்னாராம்: "பேசாம ஸ்கிராப்புக்குப் போட்டுட்டு புதுசு எடுத்துடேன்." ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடச் சொன்னதாக யாரோ ஒரு பிரெஞ்சு ராணியைத் திட்டுகிறோம். புது டிரெய்லர் வண்டி முப்பது, நாற்பது லட்சம். பழையதை ஸ்கிராப்புக்குக் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் புது வண்டியின் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை. வண்டி விலையில் இல்லை ஐயா, வரியில்.

இந்தப் புனிதம் எல்லாம் ஷெட்டுக்கு மட்டும்தான். அதே மண்ணின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் வேறு கதை. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி முதலில் பூட்டியது இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களை. பிறகு லேலண்ட் லாரி வந்தது. 1955இல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. பிறகு ஜப்பானின் ஹினோவோடு ஒப்பந்தம் போட்டு, இங்கிலீஷ் வம்சத்து வண்டிக்குள் ஜப்பான் எஞ்சினை வைத்தார்கள். நன்றாகவே ஓடியது. 'ஹினோ' என்ற சொல்லை ஜப்பான் வரைபடத்தைப் பார்க்காத நம் டிரைவர்கள் மரியாதையோடு உச்சரிக்கக் கற்றார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே, திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில், புல்லட் சட்டத்துக்குள் 325 சிசி டீசல் எஞ்சினை இறக்கி 'டாரஸ்' என்று விற்றார்கள். இத்தாலிய லொம்பார்டினி வடிவத்தில் கிரீவ்ஸ் செய்த எஞ்சின் அது. பம்ப்செட்டுக்குப் பொருத்தமான சைஸ். ஆறரைக் குதிரைத்திறன். குதிரைகள் களைத்தவை, ஆனால் லிட்டருக்கு ஓடிய கிலோமீட்டரைப் பால்காரர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வார்கள். அதைவிட அப்பட்டமான கலப்பு மணம் இந்த நாட்டில் நடந்ததில்லை. கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் தொழில்நுட்பக் கூட்டுறவு. அதே தெருவில் செயின் பிளாக் வைத்துச் செய்தால் 182ஏ.

மேஸ்திரிகளை நான் ரிஷிகளாக்கப் பார்க்கவில்லை. எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுவது போல இல்லை என்று அவர்களே சொல்வார்கள். புது எஞ்சினின் மவுண்டிங் பழைய சேஸில் உட்காராது. பிராக்கெட்டை வெட்டிப் பற்ற வைக்க வேண்டும். பெல் ஹவுசிங் பழைய கியர் பாக்ஸோடு சேராது. லேத்தில் நடுவே ஒரு தட்டுக் கடைந்து போட வேண்டும், அது நூலிழை விலகினாலும் கிளட்ச் ஒரு மாதத்தில் கருகும். டர்போ இருந்தால் இன்டர்கூலருக்கு இடம் வேண்டும். ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டும். பழைய எஞ்சின் இழுத்த இழுவைக்குச் செய்த பின்பக்கக் கிரௌன் பினியன், புதுசின் இழுவையைத் தாங்காமல் ஒரு நாள் மணலி மேம்பாலத்தில் பல்லை உதிர்க்கும்.

இதெல்லாம் பம்பும் நாசிலும் மட்டும் உள்ள எஞ்சினுக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 புகை விதிப்படியான எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். மேஸ்திரி சிரித்தார்.

"எஞ்சின எறக்கறது ஒரு மேட்டரே இல்ல சார். அதோட மூளைய எங்க எறக்கறது?"

மூளை என்றால் ஈ.சி.யு. காலால் மிதிக்கிற ஆக்சிலேட்டரிலிருந்து கம்பி போவதில்லை, செய்தி போகிறது. புகைக்குழாயில் சென்சார்கள். புகையோடு யூரியா கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் கொல்லும் ஏற்பாடு. கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி. ஒரு சென்சார் பதில் சொல்லாவிட்டாலும் மூளை கோபித்துக்கொண்டு எஞ்சினின் சக்தியைப் பாதியாக வெட்டிவிடும். அந்த வயரிங்கை முழுசாகப் பெயர்த்து 1996 வண்டியில் கட்டுவதும், கூவத்தில் தாமரை வளர்ப்பதும் ஒன்று. செய்யவே முடியாது என்றில்லை. செய்து முடிக்கிற காசுக்கு இன்னொரு பழைய வண்டி வாங்கலாம். ஆகவே இந்த ஷெட்டுகளில் 'புது எஞ்சின்' என்றால், மூளை முளைப்பதற்கு முன் பிறந்த கடைசித் தலைமுறை என்று பொருள்.

சட்டத்துக்கு நியாயமே இல்லையா? உண்டு. திருட்டு வண்டியின் எஞ்சின் இன்னொரு வண்டியில் ஏறி மறைந்துவிடும் என்ற பயம் நியாயம். இழுவை கூடிய எஞ்சினைப் பழைய பிரேக்கோடு பூட்டினால் காசிமேடு சிக்னலில் யார் மேலாவது ஏறும் என்ற பயம் அதைவிட நியாயம். வட சென்னையில் டிரெய்லர் சக்கரத்தில் போன உயிர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் இந்தப் பயங்களுக்கு மருந்து பரிசோதனை. எஞ்சின் எங்கிருந்து வந்தது, ரசீது எங்கே, பிரேக் பிடிக்கிறதா, புகை எவ்வளவு என்று ஒரு நாள் முழுக்க அலசிப் பார்த்து, பாஸ் என்றோ ஃபெயில் என்றோ எழுத வேண்டியதுதானே?

அமெரிக்காவில் இதுவே ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கொட்டகையும் கொஞ்சம் காசும் உள்ளவர்கள், பழைய பிக்கப் வண்டிகளில் கம்மின்ஸ் டீசலை இறக்கிக் குதூகலிக்கிறார்கள். அங்கேயும் சட்டம் சும்மா இல்லை. போடுகிற எஞ்சின் வண்டியின் வருஷத்துக்குச் சமமானதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்று விடாமல் கூடவே வர வேண்டும். கலிபோர்னியாவில் இதைச் சோதிக்க 'ரெஃப்ரீ' என்றே ஆட்கள் இருக்கிறார்கள். அதாவது முன்னால் போகலாம், பின்னால் போகாதே என்கிறது அந்தச் சட்டம். நம்முடையது இருந்த இடத்திலேயே இரு என்கிறது. அதே அழுக்கு என்றால் அனுமதி உண்டு. அழுக்கு குறைந்தால் ஆர்.சி.க்கு முரண்.

அழுக்குக்கும் கணக்கு இருக்கிறது. கனரக டீசல் எஞ்சினுக்கு 2000ஆம் ஆண்டு இந்தியா வைத்த விதியில், ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.36 கிராம் வரை கரித்துகள் விடலாம். 2010இல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.3இல் 0.10. பி.எஸ்.6இல் 0.01. லாரிக்காரரின் 1996 எஞ்சின் இந்த ஏணியின் முதல் படிக்கும் கீழே, தரையில் நிற்கிறது. 2012 எஞ்சினைப் போட்டால், தனக்குத் தெரியாமலே ராயபுரத்துக் குழந்தைகளுக்கு ஓர் உபகாரம் செய்கிறார். அதற்கு 5,000 ரூபாய் அபராதம். செய்யாமல் பழைய கரியையே விட்டுக்கொண்டிருந்தால்? வண்டி ஏழு வருஷம் தாண்டியதற்காகப் 'பசுமை வரி' கட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம். கறுப்புப் புகைக்குப் பசுமை என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் கவிஞர். இதற்கு மேல், 15 வருஷம் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக்கியது. கட்டணம் எட்டு மடங்குக்கு மேல் ஏறியதால் வண்டியின் நுரையீரல் சுத்தமாகிவிடவில்லை. சொந்தக்காரரின் சட்டைப் பைதான் சுத்தமானது.

சரி, காற்றுக்காகத்தானே, கசப்பு மருந்துதான் என்று குடிக்கலாம். ஆனால் தலையைக் கொஞ்சம் திருப்பிக் கடலைப் பாருங்கள்.

துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற லாரிக்கு விற்கும் டீசலில் பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம், அதே கன்டெய்னரை இறக்குகிற கப்பல் எரிக்கும் எண்ணெயில் அரை சதவீதம் வரை இருக்கலாம். உலகக் கடல்சார் அமைப்பு 2020இல் கண்டிப்பாகக் குறைத்த பிறகு உள்ள அளவு இது. அதற்கு முன் மூன்றரை சதவீதம். அரை சதவீதம் என்றால் 5,000 பங்கு. லாரியைப் போல 500 மடங்கு. ஒரு சுவர்தான் நடுவே. காசிமேட்டுக் காற்றுக்கு அந்தச் சுவர் எங்கே முடிகிறது என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

வடக்கே திரும்புங்கள். அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு கட்டியது. இரண்டு வருஷம் கெடு. கெடு முடிந்ததும் நீட்டினார்கள். நீட்டியது முடிந்ததும் மறுபடி நீட்டினார்கள். 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்கள் கந்தகத்தைப் பிடிக்கும் கருவியைப் பொருத்தவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். லாரிக்கு எஃப்.சி. தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். அதே கணக்கை ஒரு மின் நிலையத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 2017 டிசம்பரிலிருந்து 2025 ஜூலை வரை ஏறக்குறைய 2,770 நாள்; ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். ஒரு நிலையத்தின் கேன்டீன் டீச் செலவுக்குக்கூடக் காணாத காசு. அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

எஞ்சின் மாற்றத்தில் அரசுக்கு இருக்கிற கைத்தேர்ச்சி எந்த மேஸ்திரிக்கும் கிடையாது. 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம், 450 மெகாவாட், மூச்சு வாங்கி 2017 மார்ச் 31இல் நின்றது. அப்பாடா என்றது எர்ணாவூர். அதே இடத்தில் 660 மெகாவாட்டில் இன்னொன்றை இறக்கும் திட்டம் தயாராக இருந்தது. சேஸ் அதேதான்: அதே ஆறு, அதே குப்பம், அதே நெஞ்சுக்கூடு. எஞ்சின் மட்டும் பெரிசு. இங்கே 'அதே வகை' விதி இல்லை. கிரௌன் பினியன் தாங்குமா என்று ஒரு மேஸ்திரி கேட்கிற கேள்வியைக்கூட யாரும் கேட்பதில்லை. 2011 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்றபோது ராயபுரம் வீடுகளில் கொடியில் காயப்போட்ட வேட்டி பல வருஷம் கழித்து வெள்ளையாக இருந்தது. கரி மாயமாகிவிடவில்லை. எண்ணூருக்குப் போனது. ஒரு வண்டியிலிருந்து இறக்கியதை இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள், அவ்வளவுதான், எண்ணூரின் ஆர்.சி.யில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தவர் யார்?

ஆர்.சி. என்றதும் நினைவு வருகிறது. திருட்டு லாரிகளுக்கு இரண்டு ஆர்.சி. புத்தகம் வைத்திருப்பார்கள், சேஸ் நம்பரை ராவி மறுபடி அடிப்பார்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இரண்டு புத்தகம் உண்டு. மத்திய அரசு 1996இல் ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது. அதிகாரிகள் பிற்பாடு பயன்படுத்திய வரைபடத்தில் அந்தத் தண்ணீரையே காணோம் என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய தாள்களைக் காட்டி மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் 2017 வாக்கில் கேட்டார்கள். ஓர் ஆற்றின் வாயையே ராவி எடுத்திருக்கிறார்கள். தயாரித்தவன் முதலில் எழுதிக் கொடுத்ததற்கு முரணாக எதையும் மாற்றக் கூடாது என்பது பிரிவு 52. கொசஸ்தலையாற்றைத் தயாரித்தவரிடம் யாராவது லெட்டர் வாங்கி வந்தார்களா?

'அதே தயாரிப்பு, அதே வகை' என்ற விதியை இந்தப் பக்கத்தில் சிரத்தையாகக் கடைப்பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, அதை அள்ளியது பிளாஸ்டிக் பக்கெட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து, படகும் வலையும் கொக்கும் ஒரே கறுப்பானபோது, குப்பத்து ஆண்கள் மறுபடியும் பக்கெட்டும் மக்குமாக இறங்கினார்கள். ஏறக்குறைய ஏழு வருஷம். ஈ.சி.யு. இல்லை, சென்சார் இல்லை. மாற்றமில்லாத அசல் உதிரிப் பாகம். அந்த மாதமே எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடியவர்களில் லாரிக்காரர் வீட்டு ஆட்களும் உண்டு. யாருடைய எஃப்.சி. ரத்தானது என்று அவர் என்னைக் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன்.

மூளை வைத்த எஞ்சின்தான் யோக்கியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015இல் ஃபோக்ஸ்வாகன் அகப்பட்டது அந்த மூளையால்தான். சோதனைக் கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக மூச்சு விடும்படி அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் இரண்டே மாதத்தில் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று நிறுத்தி வைத்தது. லாரிக்காரரின் ஐயாயிரத்துக்கு அப்படி ஒரு தடை வாங்க வேண்டுமென்றால் வக்கீல் ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்தேன். அதற்கு அபராதத்தையே கட்டிவிடலாம்.

இன்னொன்று. எந்த எஞ்சினாக இருந்தாலும் அது ஓடினால்தானே வித்தியாசம்? துறைமுக வாசலுக்காக எண்ணூர் விரைவுச் சாலையில் நாள் கணக்கில் நின்ற வரிசைகளை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். விரைவுச் சாலை என்று பெயர்ப் பலகை மட்டும் விரைவாக நிற்கும். இந்த நெரிசலுக்காகத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று 2009இல் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2012இல் வேலை நின்றது. கூவத்துக்குள் நட்ட தூண்கள் பத்து வருஷம் காக்கைக்கு உட்கார இடமாயின. 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். கல்லைக்கூட மாற்றிப் போடலாம்போல. எஞ்சினைத்தான் போடக் கூடாது.

இவ்வளவையும் ஷெட் வாசலில் நின்று ஆத்திரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் — அவர்தான் லாரிக்காரர் — பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"சார், நீங்க தப்பாப் புரிஞ்சிக்கினீங்க. நாங்க எறக்கல. தூக்குறோம்."

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சங்கிலியில் தொங்கியது 2012 எஞ்சின். எட்டு மாதமாக வண்டிக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததாம். வெள்ளிக்கிழமை எஃப்.சி. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து எஞ்சின் நம்பரைப் பார்ப்பார். ஆகவே ஆர்.சி.யில் உள்ள 1996 எஞ்சினை, ஷெட் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்ததை, துடைத்து எடுத்து மறுபடி உள்ளே வைக்கிறார்கள். சனிக்கிழமை திரும்ப மாற்றுவார்கள். இரண்டு தடவை ஏற்றி இறக்கக் கூலி, கிளட்ச் செட்டிங், நாலு நாள் ஓட்டம் நஷ்டம். அதற்கு மேல் அந்த எஃப்.சி. கட்டணம்.

நான் பார்த்தது குற்றம் அல்ல, குற்றத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

பழைய எஞ்சின் உட்கார்ந்ததும் மேஸ்திரி பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்தார். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்தது. ஷெட் முழுக்கக் கறுத்துப்போய், எதிரே நின்ற லாரிக்காரரின் முகமே எனக்குத் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல எஞ்சினை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் தெளிந்ததும் பார்த்தேன், அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்து ஷெட்டாண்ட யாராச்சும் பாத்தா வம்பு சார்" என்றார் மேஸ்திரி.